என்கிளெக்ஸ் தேர்வுக்கு அவசர நிலைகளைத் திரும்பப் படிப்பது எப்படி? வார்டுப் பழக்கமே தடையாக இருக்கிறது

கேள்வி: ஐந்து ரோடு செவிலி, சேலம்

அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் பொது மருத்துவ வார்டில் ஆறு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். அமெரிக்காவில் பதிவு பெறுவதற்கான என்கிளெக்ஸ் ஆர்.என். தேர்வை இன்னும் ஏழு வாரங்களில் எழுத இருக்கிறேன். மற்றப் பாடங்கள் ஓரளவு கைவந்துவிட்டன. அவசர நிலைகளைப் பற்றிய கேள்விகளில்தான் ஒவ்வொரு பயிற்சித் தேர்விலும் சறுக்குகிறேன். வேடிக்கை என்னவென்றால், வார்டில் நான் அதிகம் கையாண்டவையும் இவைதாம்.

சென்ற வாரம் செய்த தவறுகளில் மூன்றை மட்டும் எழுதுகிறேன். ஆன்டிபயாட்டிக் ஏறிக்கொண்டிருக்கும்போது ஒருவருக்கு உடலெல்லாம் தடித்து, குரல் கம்மி, இரத்த அழுத்தம் இறங்குகிறது. மருந்தை நிறுத்தியாயிற்று, அடுத்து என்ன என்று கேட்டிருந்தார்கள். நான் அவில் என்ற ஒவ்வாமை மருந்தும் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டும் இருந்த விடையைத் தேர்ந்தேன். தொடையில் அட்ரினலின் என்பதே சரியான விடை. சர்க்கரை 540, மூச்சில் பழ வாடை, ஆழ்ந்து வேகமாக மூச்சு வாங்கும் இளைஞருக்கு இன்சுலின் என்று குறித்தேன். முதலில் நார்மல் சலைன் (உப்புநீர் ட்ரிப்) என்றது விடைத்தாள். வயிற்று அறுவைக்குப் பின் ஐந்தாம் நாள் இருமியபோது தையல் பிரிந்து குடல் வெளியே வந்த நோயாளிக்கு, அறையை விட்டு ஓடிப்போய் மருத்துவரை அழைக்கும் விடையைத் தேர்ந்தேன். அவரை விட்டு நகராமல், பக்கத்தில் இருப்பவரைக் குரல் கொடுத்து அழைத்து, சலைனில் நனைத்த ஸ்டெரைல் துணியால் குடலை மூடியிருக்க வேண்டுமாம்.

என்னிடம் ஒரு குறிப்பேடு இருக்கிறது. இதயம், நுரையீரல், மூளை, சிறுநீரகம் என்று உறுப்பு வாரியாக, ஒவ்வொரு நோய்க்கும் காரணம், அறிகுறி, பரிசோதனை, சிகிச்சை என நூற்று நாற்பது பக்கங்கள் எழுதி வைத்திருக்கிறேன். அதையே திரும்பத் திரும்பப் படிப்பதா, அல்லது வேறு வழி உண்டா? மாதத்தில் பத்து நாள் இரவுப் பணி என்பதால், இருக்கிற நேரத்தை வீணடிக்க அஞ்சுகிறேன்.

பதில் 1: நர்சிங் ஆசிரியை, சேலம்

தங்கைக்கு வணக்கம். நீங்கள் எழுதிய மூன்றும் பார்வைக்கு மூன்று பாடங்களாகத் தெரிந்தாலும், தவறு ஒன்றுதான். மூன்றிலும் நீங்கள் அந்த நோய்க்கு நம் வார்டில் வழக்கமாக என்ன நடக்கும் என்பதை நினைவிலிருந்து எடுத்து எழுதியிருக்கிறீர்கள். கேள்வி கேட்டதோ, இந்த மனிதரை அடுத்த சில நிமிடங்களில் கொல்லக்கூடியது எது, அதைத் தடுக்க உங்கள் கை இப்போது எங்கே போக வேண்டும் என்பதை.

உங்கள் முதல் கேள்வியில் வந்த அனபிலாக்சிஸை, அதாவது உயிருக்கு ஆபத்தான கடும் ஒவ்வாமையை, எடுத்துக்கொள்ளுங்கள். அவில் அரிப்பையும் தடிப்பையும் தணிக்கும். குரல்வளை வீக்கத்தையோ சரிந்த இரத்த அழுத்தத்தையோ அது திருப்பாது. ஹைட்ரோகார்ட்டிசோன் வேலை செய்யத் தொடங்கவே மணிக்கணக்காகும். விரிந்த இரத்தக் குழாய்களைச் சுருக்கி, இறுகிய மூச்சுக் குழாய்களைத் திறந்து, ஒவ்வாமையைத் தூண்டும் ஹிஸ்டமின் மேலும் வெளியேறுவதையும் குறைப்பது அட்ரினலின் ஒன்றே. பெரியவர்களுக்கு 0.3 முதல் 0.5 மி.கி. வரை, தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். நம் ஆம்பியூலில் 1 மி.லி.யில் 1 மி.கி. இருப்பதால் அரை மி.லி.க்கு மேல் தேவைப்படாது. குணம் தெரியாவிட்டால் 5 முதல் 15 நிமிடங்களில் மறுபடியும் போடலாம். தொடை ஏன் என்றும் கேட்பார்கள்: தோலுக்கடியில் போடுவதைவிட அந்தத் தசையிலிருந்து மருந்து விரைவாக இரத்தத்தில் கலக்கிறது.

உங்கள் இரண்டாவது கேள்வியான கீட்டோஅசிடோசிஸில் (இன்சுலின் இல்லாமல் சர்க்கரையும் கீட்டோன் என்ற அமிலமும் இரத்தத்தில் மிகும் நிலை) சற்று நின்று யோசிக்க வேண்டும், ஏனெனில் ஒரே நோயாளியை வைத்து ஆறு கேள்வி கேட்பதற்கு ஏற்ற நிலை அது. சர்க்கரை சிறுநீரோடு தண்ணீரை இழுத்துக்கொண்டு போய்விடுவதால், அந்த இளைஞரின் உடலில் பல லிட்டர் நீர் குறைந்திருக்கும். ஆகவே முதல் மணி நேரத்தில் ஒன்று அல்லது ஒன்றரை லிட்டர் நார்மல் சலைன். அதன் பிறகும் இன்சுலினுக்குக் கை போவதற்கு முன் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அமிலம் மிகுந்து இன்சுலின் இல்லாத நிலையில் செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே வந்து நிற்பதால், இரத்தப் பரிசோதனையில் அது இயல்பாகவோ கூடுதலாகவோ தெரியும். உடலின் மொத்த இருப்போ சிறுநீரில் போய்க் குறைந்திருக்கும். இன்சுலின் ஏறியவுடன் வெளியே நிற்பதும் உள்ளே ஓட, இதயத் துடிப்பு தடுமாறும். பொட்டாசியம் 3.3க்குக் கீழ் இருந்தால் இன்சுலினை நிறுத்தி வைத்துப் பொட்டாசியத்தை முதலில் ஏற்றுவது இதனால்தான். அதற்கும் முன் சிறுநீர் போகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னர் சர்க்கரை 200 முதல் 250 வரை இறங்கியதும் பலரும் இன்சுலினை நிறுத்தும் விடையைத் தேர்ந்துவிடுகிறார்கள். கீட்டோன் இன்னும் தீரவில்லை. எனவே இன்சுலின் ஓடிக்கொண்டிருக்க, சலைனோடு டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசல் சேரும்.

குறிப்பேட்டைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். ஆனால் அதை இனிமேல் முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டாம். ஒவ்வொரு அவசர நிலைக்கும் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் நம் வார்டில் நடப்பதையும், வலப்பக்கம் மருத்துவரின் ஆர்டர் வருவதற்கு முன் என் கையால் செய்யக்கூடியதையும் எழுதுங்கள். இரண்டு பக்கமும் ஒத்துப்போகும் தாள்களை மூடி வைத்துவிடலாம். ஒத்துப்போகாதவைதான் உங்கள் பாடத்திட்டம். இன்னொன்றையும் மனத்தில் கொள்ளுங்கள்: விடைகளில் ஒரு மருந்து கொடுக்கப்பட்டிருந்தால், அதற்கான ஆர்டர் கையில் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு விடையளிக்க வேண்டும். டியூட்டி டாக்டர் எழுதவில்லையே என்ற நம் ஊர்த் தயக்கம் அங்கே மதிப்பெண்ணைக் குறைக்கும்.

தேர்வின் அமைப்பும் இதற்கு ஏற்றபடிதான் இருக்கிறது. 2023 ஏப்ரலில் வந்த புதிய முறையில், குறைந்தது 85, அதிகபட்சம் 150 கேள்விகள், ஐந்து மணி நேரம். ஒரே நோயாளியின் கதையை வைத்து ஆறு ஆறு கேள்விகளாக மூன்று தொகுப்புகள் வரும். முந்தைய கேள்விக்குத் திரும்ப முடியாது. நோயின் பெயரை மனப்பாடம் செய்தவருக்கு அந்தக் கதையின் முதல் கேள்வி எளிதாக இருக்கும்; நான்காவது கேள்வியில் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பார்.

பதில் 2: மலைச்சாரல், ஏற்காடு

ஆசிரியை அவர்கள் எழுதியதை அப்படியே வழிமொழிகிறேன். நான் சென்ற ஆண்டு இந்தத் தேர்வில் தேர்ச்சி பெற்றேன். அதற்கு முன் மலையில் ஒரு சிறிய மருத்துவமனையில் வேலை பார்த்தேன். நாகலூர் பக்கம் காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறிக்க ஏறியவர்களைக் கதண்டு கொட்டிக் கொண்டுவருவார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிச் சேலத்துக்கு அனுப்பும்வரை நோயாளி நம் பொறுப்பு என்பதால், அட்ரினலினை முதலில் எடுக்கும் பழக்கம் எனக்கு அங்கேயே படிந்துவிட்டது. பெரிய மருத்துவமனையில் இருந்த என் தோழிகளுக்கு அந்தப் பழக்கம் வரக் காரணமில்லை. கூப்பிட்ட குரலுக்குப் பயிற்சி மருத்துவரான ஹவுஸ் சர்ஜன் வந்துவிடுவார்.

எனக்குச் சறுக்கிய இடம் வேறு: பேரிடர் காலத்தில் யாரை முதலில் பார்ப்பது என்ற வகைக் கேள்விகள். மலைப்பாதையில் வேன் கவிழ்ந்து பதினைந்து பேர் ஒரே நேரத்தில் வந்தால், நம் ஊரில் யார் உரக்கக் கத்துகிறாரோ, யாரோடு நாலு பேர் கூட்டமாக வந்திருக்கிறார்களோ, அவரிடம்தான் முதலில் ஓடுகிறோம். தேர்வில் அமெரிக்கர்களின் ஸ்டார்ட் முறைப்படி யோசிக்க வேண்டும்; அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிற அட்டை: சிவப்பு உடனே, மஞ்சள் அடுத்து, பச்சை காத்திருக்கலாம், கறுப்பு கடைசி. நடந்து வரக்கூடியவர்களுக்கெல்லாம் பச்சை. மூச்சில்லாதவருக்கு மூச்சுப் பாதையை ஒருமுறை திறந்து பார்த்து, அப்போதும் மூச்சு வராவிட்டால் கறுப்பு, வந்தால் சிவப்பு. மூச்சு நிமிடத்துக்கு 30க்கு மேல் இருந்தாலும், நகத்தை அழுத்தி விட்டபின் நிறம் திரும்ப 2 விநாடிக்கு மேல் ஆனாலும், மணிக்கட்டில் நாடி தட்டுப்படாவிட்டாலும், சொன்னதைச் செய்ய முடியாவிட்டாலும் சிவப்பு. மீதிப் பேருக்கு மஞ்சள்.

கடினமானது அந்தக் கறுப்பு அட்டைதான். சாதாரண நாளில் கேஷுவால்டிக்கு வந்தவர்களில் மூச்சும் நாடியும் நின்றவரே முதலாமவர். கவிழ்ந்த வேன் கேள்வியில் அவரே கடைசி. கேள்வியின் முதல் வரியில் அது எந்த வகை நாள் என்று சொல்லியிருப்பார்கள். அந்த வரியைப் படிக்காமல் தாண்டியதால் நான் இழந்தவை பல. தொடை எலும்பு முறிந்து அலறுகிறவர் மஞ்சளாகவும், மூலையில் அமைதியாகக் குழம்பிய முகத்தோடு உட்கார்ந்திருப்பவர் சிவப்பாகவும் இருப்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு மூன்று வாரங்கள் பிடித்தன.

நம் பகுதிக்கே உரிய நஞ்சுகளைப் பற்றியும் ஒரு சொல். ஒடுவந்தழை அரைத்துக் குடித்தவருக்குப் பொட்டாசியம் குறைவதையும் அமிலம் மிகுவதையும் நாம் பார்த்திருக்கிறோம்; அந்தக் கேள்வி அங்கே வரப்போவதில்லை. அதற்காக அந்த அனுபவம் வீணென்று எண்ண வேண்டாம். மஞ்சள் அரளி விதை தின்றவரின் வாந்தியும், குறைந்துகொண்டே போகும் நாடியும், ஏறும் பொட்டாசியமும், டிகாக்சின் என்ற இதய மருந்தின் அளவு மீறியவரின் படமேதான். பூச்சிமருந்து குடித்தவருக்கு அட்ரோபின் போட்டுக்கொண்டே போவோமே, அதே கேள்வி நரம்பைத் தாக்கும் இரசாயன ஆயுதம் என்ற வேடத்தில் வரும். அட்ரோபின் போதும் என்பதற்கு அடையாளம் கண்மணி விரிவதன்று, நெஞ்சில் சளி காய்ந்து மூச்சு தெளிவதே. ஆனால் அங்கே அட்ரோபினுக்கும் முந்திய விடை ஒன்று உண்டு: கையுறையும் அங்கியும் அணிந்துகொண்டு, அவருடைய உடையைக் களைந்து கழுவ வேண்டும். நாம் வெறுங்கையோடு நோயாளியைத் தூக்கிப் பழகிவிட்டோம்.

பதில் 3: அணைக்கட்டு, மேட்டூர்

சுருக்கமாக மருந்துப் பெயர்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அங்கே கேள்விகள் பெரும்பாலும் அமெரிக்கப் பொதுப் பெயர்களில்தான் வரும். நம் அட்ரினலின் அவர்களுக்கு எபிநெஃப்ரின், நார்அட்ரினலின் நார்எபிநெஃப்ரின், பாராசிட்டமால் அசிட்டாமினோஃபென், சால்பியூட்டமால் ஆல்பியூட்டெரால், பெத்திடின் மெப்பெரிடின். நெஞ்சுவலி வந்தவருக்கு நாக்கின் அடியில் சார்பிட்ரேட் வைத்த நமக்கு, அங்கே நைட்ரோகிளிசரின் 0.4 மி.கி., ஐந்து நிமிட இடைவெளியில் மூன்று முறை வரை என்று வரும். அதை வைப்பதற்கு முன் இரத்த அழுத்தத்தைப் பார்ப்பதும், ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் போன்ற மாத்திரை சாப்பிட்டாரா என்று ஆண் நோயாளியிடம் கூசாமல் கேட்பதும் விடைகளாக இருக்கும். மனைவியும் மாமியாரும் கட்டிலருகே நிற்க, நம் வார்டில் இந்தக் கேள்வியைக் கேட்ட செவிலியை நான் கண்டதில்லை. நெஞ்சுவலி என்றாலே ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டுவதும் நம் வழக்கம். இரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 90 விழுக்காட்டுக்குக் கீழ் இல்லையென்றால், அதைவிட 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுப்பதே முந்தியது.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: ஐந்து ரோடு செவிலி

மூவருக்கும் நன்றி. நேற்றிரவே தாள்களில் கோடு போடத் தொடங்கிவிட்டேன்; எதிர்பார்த்ததைவிட ஒத்துப்போகாதவை அதிகம். ஒரு ஐயம் மட்டும் இருக்கிறது. நான் சேர்ந்துள்ள இணையவழிப் பயிற்சி வகுப்பில், மருத்துவருக்குத் தெரிவித்தல் என்ற விடை வந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை நீக்கிவிடுங்கள் என்கிறார்கள். என் குடல் கேள்வியும் அதையே சொல்வதுபோல் இருக்கிறது. இதை விதியாக வைத்துக்கொள்ளலாமா?

ஒத்துப்போகாத தாள் ஒன்றையும் பார்வைக்கு வைக்கிறேன். எக்லாம்சியாவுக்கு (கர்ப்பகால இரத்த அழுத்தத்தால் வரும் வலிப்பு) மெக்னீசியம் சல்பேட் பெறும் தாய். முழங்காலில் தட்டினால் கால் அசையவில்லை. மூச்சு நிமிடத்துக்கு 10. சிறுநீர் மணிக்கு 20 மி.லி. வலப்பக்கத்தில், கால்சியம் குளுக்கோனேட் 1 கிராம் கொடுப்பேன் என்று எழுதினேன். பயிற்சித் தாளில் இதற்கும் தவறு என்றே வந்தது. முறிவு மருந்து அதுதானே?

பதில் 4: நர்சிங் ஆசிரியை, சேலம்

அப்படி ஒரு விதி கிடையாது. உங்கள் கையால் ஆகக்கூடியது ஏதாவது மீதமிருந்தால் மருத்துவரை அழைப்பது இரண்டாவது. எதுவும் மீதமில்லை என்றால் அதுவே முதலாவது. மாவுக்கட்டு போட்ட கால் உள்ளவர், வலி மருந்து கொடுத்த பிறகும் தாங்க முடியாத வலி என்கிறார், விரலை நீட்டிவிட்டால் துடிக்கிறார், விரல்கள் மரத்திருக்கின்றன. இது கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம். தசையுறைக்குள் ஏறிய அழுத்தத்தை அறுவை செய்துதான் விடுவிக்க வேண்டும். சில மணி நேரம் தாமதித்தால் தசை செத்துவிடும். காலை இதயத்துக்கு மேலே தூக்கி வைத்தால் அங்கே போகும் கொஞ்ச இரத்தமும் குறையும். ஐஸ் வைத்தாலும் அப்படியே. இன்னொரு வலி ஊசி போட்டால் அறிகுறி மறைந்துவிடும். ஆகவே அந்த நான்கு விடைகளில் அறுவை மருத்துவரை உடனே அழைப்பதே சரி. உமிழ்நீர் வடிய, முன்னால் சாய்ந்து உட்கார்ந்து மூச்சுக்குப் போராடும் குழந்தையும் அப்படித்தான். எபிகிளாட்டைட்டிஸாக (குரல்வளை மூடியின் வீக்கம்) இருக்கலாம் என்பதால் ஸ்பாட்டுலாவை வைத்துத் தொண்டையைப் பார்க்கவே கூடாது; அழவிடாமல் தாயின் மடியிலேயே வைத்துக்கொண்டு, குழாய் போடத் தெரிந்தவரை அழைக்க வேண்டும். உங்கள் குடல் கேள்வியிலும் மருத்துவரை அழைத்தது தவறில்லை, நோயாளியை விட்டுவிட்டு ஓடியதுதான் தவறு.

இதே வகையில் இன்னொரு பொய்விதியும் உலவுகிறது: எப்போதும் பரிசோதிப்பதே முதல் விடை என்பார்கள். கேள்வியிலேயே தேவையான அறிகுறிகளைக் கொடுத்துவிட்டால் மறுபடியும் இரத்த அழுத்தத்தை எடுத்துக்கொண்டிருப்பது காலதாமதம். மானிட்டரில் நேர்கோடு ஓடுகிறது என்று மட்டும் சொல்லி, நோயாளியைப் பற்றி ஒன்றும் சொல்லாவிட்டால், அவரைப் போய்ப் பார்ப்பதே விடை, நெஞ்சில் ஒட்டிய லீடு (கம்பி) கழன்றிருக்கலாம்.

மெக்னீசியத்துக்கு வருகிறேன்; நீங்கள் எழுதிய அறிகுறிகள் அது உடலில் அளவு மீறியதைக் காட்டுகின்றன. முறிவு மருந்து நீங்கள் எழுதியதுதான்: கால்சியம் குளுக்கோனேட் 1 கிராம், 10 விழுக்காட்டுக் கரைசலில் 10 மி.லி., இரத்தக் குழாயில் மெதுவாக. ஆனால் நீங்கள் அதைக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது மறுகையில் மெக்னீசியம் ஏறிக்கொண்டே இருக்கிறது. முதல் விடை, அதை நிறுத்துவது. உங்களுக்கு இது ஏன் தோன்றவில்லை என்று யோசித்தேன். நீங்கள் படித்த காலத்தில் பிரசவ வார்டில் பார்த்தது பிரிட்சார்டு முறையாக இருக்கும்: இரத்தக் குழாயில் 4 கிராம், இரு பிட்டங்களிலும் 5 கிராம் வீதம் ஊசி, பிறகு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 5 கிராம். அங்கே நிறுத்துவதற்கு ஓடிக்கொண்டிருக்கும் ட்ரிப் எதுவும் இல்லை; அடுத்த ஊசியைப் போடாமல் விடுவதுதான் நிறுத்துவது. அமெரிக்காவில் முதல் அளவு 4 முதல் 6 கிராம் வரை அரை மணி நேரத்துக்குள்ளும், பிறகு மணிக்கு 1 முதல் 2 கிராம் வீதமும் பம்ப் வழியாக ஓடும். கேள்வியில் வரும் செவிலியின் பக்கத்தில் அந்தப் பம்ப் இருக்கிறது.

கால் அசைவு மறைவது மூச்சு தளர்வதற்கு முன்பே வரும் எச்சரிக்கை என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆறு கேள்வித் தொகுப்பாக வந்தால், முதல் கேள்வியில் மூச்சு 14, சிறுநீர் 35 என்று எல்லாம் சரியாகவே இருக்கும். முழங்கால் மட்டும் மந்தமாக அசைந்திருக்கும்.